இந்த வருடம் பரிசு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்களுக்குக் கிருஷ்ணகிரி. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. கிறிஸ்மஸுக்கு எலத்தகிரி பக்கம் இருக்கும் மாமியார் வீட்டில், அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பமும் பிள்ளைகள் ஐந்து பேருமாக 14 பேர் கூடுவோம். மூத்தாரும் ஓரகத்தி அக்காவும் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு அக்கா ஆரம்பித்து வைத்த பரிசுப் பழக்கம், இப்போது எல்லோரும் எல்லோருக்கும் வாங்குவதாக வளர்ந்துவிட்டது. போன வருடம் என் பையனுக்கு அவர்கள் வாங்கி வந்த ரிமோட் கார் 3,000 ரூபாய்க்குக் குறையாது. நான் அவர்கள் மகனுக்கு வாங்கிய 350 ரூபாய் கலர் பென்சில் பெட்டியை அவன் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். எல்லோருக்குமாக எனக்கு 9,500 ரூபாய் ஆனது. அதற்காக அரை சவரன் கம்மலை அடகு வைத்து 12,000 வாங்கினேன். கணவருக்குத் தெரியாது. திருகு கெட்டுவிட்டது, பீரோவில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். யார் எங்களுக்கு எவ்வளவில் வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வருடம் நாத்தனாருக்குத் தலைக் கிறிஸ்மஸ் வேறு. பரிசே வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். கஞ்சம் என்பார்களோ, பிள்ளைகள் ஏங்கிப்போவார்களோ என்று பயமாக இருக்கிறது. பரிசுக்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுப்போம் என்று சொன்னால் கௌரவமாக இருக்குமா? பரிசு இல்லாமல் கொண்டாடுவது தவறா? ஆடித் தள்ளுபடியில் பரிசுக்கென்று நான்கு போர்வைகள் வேறு வாங்கி வைத்திருக்கிறேன், அவற்றை என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பரிசைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், கம்மலைப் பற்றிக் கொஞ்சம்தான். எனக்கு அந்தக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12,000-க்கு மாதம் 240. பதினொரு மாதத்துக்கு 2,640. அதாவது அந்தக் கலர் பென்சில் பெட்டிக்கும் மற்ற பொருட்களுக்கும் இன்னும் நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதைச் சொல்வது உங்களைக் குத்திக்காட்ட இல்லை. டிசம்பரில் பிளவுஸ் தைத்து வரும் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்வதற்காகத்தான். மொத்தமாக மீட்க முடியாவிட்டாலும் வட்டியை அடைத்து, அசலில் ஒரு பகுதியையாவது குறையுங்கள். வைத்தது தனியார் கடையில் என்றால், மீட்டு வங்கி நகைக்கடனுக்கு மாற்றலாமா என்று பாருங்கள். அங்கே வட்டி பெரும்பாலும் மாதம் ஒரு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஆனால் வட்டியைவிட அந்தத் 'திருகு கெட்டுவிட்டது' என்ற வார்த்தைதான் உங்களைத் தூங்கவிடாது. கணவருக்குத் தெரியாமல் கிறிஸ்மஸைப் பற்றி நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் நிற்காது. 'இந்த வருஷம் பரிசு வேண்டாம்' என்று நீங்கள் சொல்வீர்கள். 'ஏன், போன வருஷம் வாங்கினோமே, அண்ணன் முன்னாடி எப்படி நிற்பது?' என்று அவர் கேட்பார். உண்மையான பதில் உங்கள் வாயில் இருக்கும், வெளியே வராது. அங்கே ஒரு சண்டை ஆரம்பிக்கும், அது எதைப் பற்றிய சண்டை என்று அவருக்குக் கடைசிவரை புரியாது.

ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில் இதைச் சொல்ல வேண்டாம். ஒரு விடுமுறை நாளில், பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "என்னங்க, கம்மல் பீரோவில் இல்லை. போன கிறிஸ்மஸுக்கு அடகு வைச்சேன். உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டேன்." அவ்வளவுதான். கோபம் வரலாம். வந்தால் அன்றைக்கே பரிசுப் பேச்சை எடுக்காதீர்கள், இரண்டு நாள் விடுங்கள். இப்படிப்பட்ட விஷயத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த கணவர்களில் அநேகம் பேருக்கு நகை போனதைவிட, தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் வலித்தது. அவராக வேறு வழியில் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது.

சரி, இப்போது பரிசுக்கு வருவோம்.

தவறா என்று கேட்கிறீர்கள். நான் சாமியார் இல்லை, குடும்பநல ஆலோசகர். உங்கள் பங்குத் தந்தையிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆனாலும் மத்தேயு நற்செய்தியை நானும் வாசித்திருக்கிறேன். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளவில்லை. மரியாளும் சூசையும் பதிலுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற பேச்சே அங்கே இல்லை. (ஞானிகள் மூன்று பேர் என்றுகூட மத்தேயு எழுதவில்லை. பொருள் மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று நாம் குடிலில் வைத்துவிட்டோம்.) கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு மூலம் என்று சொல்லப்படும் புனித நிக்கோலாஸ், இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா நகரத்தில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஓர் ஏழை வீட்டுக்குள் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய கதை. யார் கொடுத்தது என்று தெரியாததால் அந்த வீட்டுக்காரரால் அதைத் திருப்பித் தர முடியாது. அதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

உங்கள் நோட்டை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். யார் எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பது வேறொன்றும் இல்லை, மொய் நோட்டு. மொய்யை நான் குறைத்துச் சொல்லவில்லை. கல்யாணச் செலவில் திணறும் ஒரு வீட்டுக்கு ஊரே சேர்ந்து கொடுக்கும் கைமாற்று அது, நாளைக்குத் திரும்பப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒளிவுமறைவு இல்லை. அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதைக் 'குறியெதிர்ப்பை' என்று பழந்தமிழில் சொல்வார்கள். அரிசி கடன் வாங்கும் பக்கத்து வீட்டு உழக்குக் கணக்கு மாதிரி. உங்கள் வீட்டில் நடப்பது இந்தக் கணக்குதான், ஆனால் அன்பளிப்பு என்ற காகிதம் சுற்றி நடக்கிறது. மொய்யாவது கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகிறது. இங்கே கம்மல் அடகுக்குப் போகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், தன் மாணவர்களிடம் கிறிஸ்மஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்தார். உனக்குக் கிடைத்த பொருளை நீயே வாங்குவதானால் எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டார். பொருளோடு வரும் பாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லச் சொன்னார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவர் கணக்கில் காணாமல் போயிருந்தது. நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் நஷ்டம் குறைவு, பெரியப்பா சித்தி வகை உறவுகள் கொடுத்ததில் அதிகம். உங்கள் பென்சில் பெட்டி திண்ணையில் கிடந்ததற்கு அந்தப் பையனின் குணம் காரணம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சித்திக்கு அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? அவனை மன்னித்துவிடுங்கள்.

ஆகவே, நிறுத்தலாம். நிறுத்துவதே நல்லது என்பதுதான் என் எண்ணம். ஆனால் எதை நிறுத்துகிறீர்கள் என்று உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். மாமியாருக்குப் புடவை எடுப்பது மரியாதை. அவர் திருப்பித் தர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதை விடாதீர்கள். மூன்று மருமகள்கள் தனித்தனியாக மூன்று சுமாரான புடவை எடுப்பதைவிட, பணத்தைச் சேர்த்து பர்கூரில் ஒரே ஒரு நல்ல புடவை எடுங்கள். நாத்தனாரின் தலைக் கிறிஸ்மஸும் அப்படித்தான். புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் துணிமணி எடுப்பது சீர், அதைப் பரிசுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தப் பெண் புகுந்த வீட்டில் நாளைக்கு ஒரு பேச்சு கேட்டுவிடக் கூடாது. அதற்கு எவ்வளவு என்று மாமியாரையும் மூன்று அண்ணன்மாரையும் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், அவரவர் சக்திக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளட்டும். மூத்தார் கொஞ்சம் கூடப் போடுகிறேன் என்றால் போட விடுங்கள். அங்கே சமபங்கு ரோஷம் வேண்டாம்.

மீதி இருப்பது, ஓரகத்திகள் ஒருவருக்கொருவரும், ஒருவர் பிள்ளைகளுக்கு மற்றவரும் வாங்கிக்கொள்வது. அதை நிறுத்துங்கள்.

சீட்டுப் போட்டு ஒருவருக்கு ஒருவர் மட்டும் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கல்லூரி ஹாஸ்டலில் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு விளையாடிய தலைமுறைக்கு இது உடனே தோன்றும். நல்ல யோசனைதான், முதல் வருடம். 200 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று பேசி வைப்பார்கள். இரண்டாம் வருடம் ஒருவர் 'சும்மா சின்னதாக' 800 ரூபாய்க்கு வாங்கி வருவார். அப்புறம் நீங்கள் மறுபடி நோட்டை எடுப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன்.

இப்போது நீங்கள் ஆசையாகக் கேட்ட ஒன்றுக்கு 'வேண்டாம்' சொல்ல வேண்டியிருக்கிறது. 'பரிசுக்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுப்போம்' என்று காரணம் சொல்லாதீர்கள். நானே ஒருமுறை இதைச் செய்து சூடு பட்டவள். என் சின்ன மகனுக்குப் படிப்புச் செலவு நெருக்கிய வருடம். கையில் பணமில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'இந்த வருஷம் பரிசுப் பணத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம்' என்று டிசம்பர் 20-ஆம் தேதி என் நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவர் அதற்குள் எல்லோருக்கும் வாங்கி முடித்திருந்தார். 'அப்போ நாங்க ஆடம்பரம் பண்றோம்னு சொல்றீங்களா அண்ணி?' என்று கேட்டார். அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. இதில் வேடிக்கை, கௌரவத்துக்காகச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற, முதியோர் இல்லத்துக்கு இல்லாத பணத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.

உங்களிடம் இப்போது பணம் இல்லை, அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. அதைப் பக்திபோலச் சொன்னால் கேட்பவர் தன்னைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்வார். 'கை இறுக்கம்' என்று சொன்னால் நியாயமானவர் யாரும் கோபப்பட மாட்டார். தர்மம் செய்ய மனம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் பங்கு ஆலயத்தில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தெ பவுல் சபை இருந்தால் அவர்களுக்குத் தெரியும், எந்த வீட்டில் இந்த வருடம் அடுப்பு சரியாக எரியவில்லை என்று. ஒரு கிலோ சர்க்கரையும் எண்ணெயும் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் அதை அறிவிக்க வேண்டியதில்லை.

எப்போது சொல்வது? திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்குள், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுக்குள். அதற்குப் பிறகு பெங்களூரில் கடைக்குப் போயிருப்பார்கள். எப்படிச் சொல்வது? குடும்ப வாட்ஸாப் குழுவில் மட்டும் வேண்டாம். அங்கே ஒருவர் கட்டைவிரல் போடுவார், ஒருவர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார், அந்தப் பேசாமைக்கு நீங்கள் மூன்று நாள் அர்த்தம் தேடுவீர்கள். உங்கள் கணவர் அண்ணனிடம் பேசட்டும், அதே நாளில் நீங்கள் அக்காவைக் கூப்பிடுங்கள். இப்படிப் பேசலாம்:

"அக்கா, இந்த வருஷம் எங்களுக்குக் கொஞ்சம் கை இறுக்கம். அத்தைக்குப் புடவை, தலைக் கிறிஸ்மஸ் சீர் ரெண்டும் எல்லாருமா சேர்ந்து பண்ணிடலாம். மத்தபடி பரிசு வாங்க எங்களால முடியாது. நீங்களும் வாங்காம இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கும்க்கா."

இவ்வளவு போதும். போன வருடத்து ரிமோட் காரை இழுக்காதீர்கள். கம்மல் கதை அவருக்குத் தேவையில்லை.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நான் அவரைப் பார்த்ததில்லை, தப்பாகவும் இருக்கலாம். உங்கள் மாமியாருக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் கிளம்பிப் போவது யார்? நீங்களாகத்தான் இருக்கும் என்று ஊர் தூரத்தை வைத்து ஊகிக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மூத்த மருமகளுக்கு அது தெரியாமல் இருக்குமா? வர முடியாத ஆட்கள்தான் பெரும்பாலும் பெட்டி நிறையக் கொண்டுவருவார்கள். வளைகுடாவிலிருந்து வருபவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தக் காரை 3,000 ரூபாய் அலட்டலாகப் பார்த்தீர்கள். அவருக்கு அது 'நானும் இந்த வீட்டு ஆள்தான்' என்று சொல்வதற்குக் கிடைத்த ஒரே வழியாக இருந்திருக்கலாம். அதனால் பரிசு வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைக்காதீர்கள். அவரிடம் வேறு ஒன்றைக் கேளுங்கள். "24-ஆம் தேதி ராத்திரி பூசைக்கு நேரா வர்றதுக்குப் பதிலா 23-ஆம் தேதியே வந்துடுங்கக்கா" என்று கேளுங்கள்.

வந்தால் வேலையா இல்லை? அதிரசத்துக்கு மாவு இடிக்க, முறுக்கு பிழிய, குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கப் போட்ட தட்டுகளை எடுத்து அடுக்க என்று எத்தனையோ இருக்கிறது. டிசம்பர் கடைசி என்றால் நம் பக்கம் மொச்சைக் காலமும்கூட. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் திண்ணையில் முறத்தைப் போட்டுப் பிதுக்க உட்கார்ந்தால், பிதுக்கம்பருப்புக் குழம்புக்குத் தேவையான அளவு சேர இரண்டு மணி நேரம் ஆகும். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகப் பேசும். என்னிடம் வரும் ஓரகத்திகளுக்கு நான் தரும் எந்த ஆலோசனையைவிடவும் இது நன்றாக வேலை செய்கிறது. பிள்ளைகள் ஐந்து பேரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிதுக்கினால் பருப்பு துள்ளி ஓடும், அவர்களுக்கு அதுவே விளையாட்டு.

பிள்ளைகள் ஏங்குவார்களா? பெரியவனுக்கு முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள். 9 வயதுப் பையனுக்குப் பணக் கஷ்டம் என்றால் என்னவென்று ஓரளவு புரியும், நாம்தான் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். சின்னவள் கிறிஸ்மஸ் தாத்தாவை எதிர்பார்ப்பாள். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் நீங்கள் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை, அது கொடுக்கல் வாங்கலில் வராது. கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டாம். புதுத்துணி உண்டு, கேக் உண்டு, ஐந்து பிள்ளைகள் சேர்ந்து அடிக்கும் கொட்டமும் உண்டு. அதற்கு மேல் அன்றைக்கு அவர்கள் எதையும் நினைவு வைத்துக் கேட்டால் ஆச்சரியம்தான்.

இவ்வளவு சொல்லியும் அக்கா ஒரு பை நிறைய வாங்கி வந்துவிடலாம். வரட்டும். 'எதுக்குக்கா, சொன்னேனே' என்று எல்லோர் முன்னிலையிலும் முகம் சுளிக்காதீர்கள். பிள்ளைகளை நன்றி சொல்லச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் கணவரைக் கடைவீதிக்கு விரட்டிப் பதிலுக்கு ஏதாவது வாங்கி வரச் சொல்லும் ஆசை வரும். அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் தாண்டிவிடுங்கள். ஊர் திரும்பியதும் நோட்டில் எழுதவும் வேண்டாம். அதில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் இருந்தால் பிளவுஸ் அளவு குறிக்க வைத்துக்கொள்ளலாம்.

கஞ்சம் என்று சொல்வார்களா? யாராவது ஒருவர் சொல்லக்கூடும். இளைய ஓரகத்தியோ, ஏதாவதொரு பெரியம்மாவோ. சொன்னால் சொல்லட்டும். நீங்கள் பேசிய பிறகு அந்த இளைய ஓரகத்தியே தனியாகக் கூப்பிட்டு, 'நல்லவேளை அக்கா, நீங்க சொன்னீங்க' என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. 14 பேர் கூடும் வீட்டில் கை இறுக்கம் ஒரு வீட்டுக்கு மட்டும் இருக்காது.

அப்புறம் அந்த நான்கு போர்வைகள். பண்டிகை ராத்திரி உங்கள் மாமியார் வீட்டில் பதினான்கு பேர் படுக்கப் போகிறீர்கள், புது மாப்பிள்ளை வேறு. நம் பக்கத்து டிசம்பர் குளிருக்கு அங்கே போர்வை போதாது என்பது போன வருடமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வண்ணக் காகிதம் சுற்றாமல், துவைத்து மடித்து எடுத்துப் போய், படுக்கை விரிக்கும்போது மற்றவற்றோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.